எட்டாயிரம் அம்புகளுக்கு ஒரு வில்

ஜப்பானிய நெடுவில் ஒன்றைக் குறுக்காக அறுத்து வெட்டுமுகத்தைப் பார்த்தால் மூன்று நிறங்கள் தெரியும். இலக்கை நோக்கிய வெளிமுகத்தில் ஒன்றும் எய்பவரை நோக்கிய உள்முகத்தில் ஒன்றுமாக வெளிறிய மூங்கில் பத்தைகள் இரண்டு. அவற்றுக்கு இடையே இடமும் வலமுமாக ஹாஸே எனப்படும் மெழுகு மரத்தின் மஞ்சள் சட்டங்கள் இரண்டு. இந்த நான்கும் மூடிய கூட்டுக்குள், செங்குத்தாக நிறுத்தி ஒன்றோடொன்று ஒட்டிய மூங்கில் சிம்புகள், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரை. தீயில் வாட்டிய இந்தச் சிம்புகள் தேன்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் மாறியிருக்கும். வில்லின் மொத்த உடலிலும் ஆழ்ந்த நிறம் இதுதான். ஆனால் வேலை முடிந்த வில்லில் இதை யாரும் பார்க்க முடியாது. யூமி என்று ஜப்பானியர் அழைக்கும் இந்த வில்லின் கதை பெரும்பாலும் சாமுராய்களின் போர்க்கதையாகவே சொல்லப்படுகிறது. ஒட்டுவில்லைத் தொடங்கிவைத்தது போர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதன் உள்ளமைப்பு முழுமை பெற்றதோ வில் போர்க்களத்தை விட்டு விலகிய பிறகுதான். களைக்காமல் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டும் என்ற தேவையே அதை முழுமையாக்கியது என்பது என் வாதம். கண்ணுக்குப் படாமல் கிடக்கும் அந்தக் கருகிய சிம்பு அதற்கு முதல் சான்று.

தொடக்கத்தில் இந்த வில்லில் ஒட்டு எதுவும் கிடையாது. 3ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன வரலாற்று நூலான வெய் வரலாறு, ஜப்பானியத் தீவுகளின் மக்கள் மரவில் பயன்படுத்தியதையும், அதன் கீழ்ப்பகுதி குட்டையாகவும் மேற்பகுதி நீளமாகவும் இருந்ததையும் குறித்துவைத்திருக்கிறது. யாயோய் எனப்படும் தொல்காலத்து வெண்கல மணி ஒன்றில் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும் வேட்டைக்காரனும் பிடி கீழே இறங்கிய அதே வில்லைத்தான் வளைக்கிறான். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டு வில்கள் இன்றும் இருக்கின்றன. அசுசா என்னும் பூர்ச்ச மரவகையிலும் கெயாகி மரத்திலும் செதுக்கப்பட்ட ஒற்றைமர வில்கள் அவை. ஒற்றை மரத்தை வில்லாக்குபவர் அதை நீளமாகத்தான் செய்தாக வேண்டும். குட்டையான மரத்தை அதிகமாக வளைத்தால் வெளிமுகத்து நார் அறுந்து தெறிக்கும், அல்லது உள்முகத்து நார் நசுங்கிக் கூன் விழும். நீளம் கூடக்கூட ஒவ்வோர் அங்குலத்தின் மேலும் விழும் சுமை குறையும். இன்றைய யூமியின் வழக்கமான நீளம் 221 சென்டிமீட்டர், ஆளுயரத்தையும் தாண்டியது. அந்த நீளம் ஒற்றைமர வில்லிடமிருந்து வந்த மரபுச் சொத்து.

ஹெயான் காலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 10, 11ஆம் நூற்றாண்டுகளில், முதல் ஒட்டு வந்தது. மரத்தின் வெளிமுகத்தில் ஒரு மூங்கில் பத்தையை ஒட்டினார்கள். ஃபுசேதாகே என்பது அதன் பெயர். வளையும் எந்தப் பொருளிலும் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும். இழுப்பைத் தாங்குவதில் மூங்கிலின் பச்சைத் தோலை அடுத்த பகுதிக்கு ஈடான மரம் குறைவு. வலுவான நார்கள் அங்கேதான் நெருங்கி நிற்கின்றன. உள்ளே போகப்போக அவை அருகிவிடும். ஆகவே தோல்பக்கத்தை வெளிமுகமாக வைத்து ஒட்டியவர்களுக்கு மூங்கிலின் உடலமைப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் உள்முகத்திலும் ஒரு பத்தை சேர்ந்தது. நடுவில் மரம், இருபுறமும் மூங்கில் என மூன்றடுக்கான இந்த வில் சான்மாய்-உச்சி.

வில்லுக்கு மரம் எவ்வளவு முக்கியமோ பசையும் அதே அளவு முக்கியம். நிபே எனப்பட்ட பசையை மான்தோலைக் காய்ச்சி எடுத்தார்கள். நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசையின் இனத்தைச் சேர்ந்தது அது. காய்ந்தால் கல் மாதிரி இறுகும், ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும். ஜூன் மாதம் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே மழை பெய்யும் நாட்டில் இது சாதாரணப் பிரச்சினை இல்லை. அதனால்தான் வில்லின் உடலெங்கும் பிரம்புநாரை இறுக்கிச் சுற்றினார்கள். பசை இளகினாலும் அடுக்குகள் பிரியாமல் அது கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதன்மேல் அரக்கைப் பூசி ஈரத்தைத் தடுத்தார்கள். ஹெய்க்கே மொனொகதாரி என்னும் போர்க்காவியம் வீரர்களை அறிமுகப்படுத்தும்போது கவசத்தின் நிறத்தோடு வில்லின் பிரம்புச் சுற்றையும் சேர்த்தே சொல்லும். கறுப்பு அல்லது சிவப்பு அரக்கின்மேல் வெளிறிய பிரம்பு வரிவரியாய் ஓடுவது பிற்காலத்தில் தலைவர்களின் அடையாளமாகிவிட்டது. அந்தப் பிரம்போ ஜப்பானில் விளையாத பொருள், தெற்குக் கடல்களைத் தாண்டி வந்தது. பழுது வராமல் காக்கக் கட்டிய கட்டு பதவியின் சின்னமானதைக் கவனியுங்கள். வில்லின் நிறங்களைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

இதுவரை சொன்னதை வைத்தே என் வாதத்தை மறுக்கலாம். இரண்டு பெரிய மாற்றங்களும் குதிரைவீரர்கள் போர்க்களத்தை ஆண்ட காலத்தில் நடந்தவை. அப்படியிருக்கப் போரை ஏன் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். முதல் பாதிக்குப் போர்தான் காரணம், அதை ஒப்புக்கொள்கிறேன். போரின் தேவை எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி. அக்காலக் குதிரைவீரன் இடுப்பில் கட்டிய அம்புக்கூட்டில் வழக்கமாகச் சுமார் 24 அம்புகள் இருக்கும். அவனுடைய வில் ஒரு சண்டையில் சில டஜன் முறை பலமாக வளைந்தால் போதும். மூன்றடுக்கு வில் அதைச் செய்தது. 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் கரையிறங்கியபோது, கொம்பும் தசைநாரும் சேர்த்துச் செய்த, நீண்ட தொலைவு எட்டும் குட்டைவில்களை ஜப்பானியர் நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள். போர்தான் வில்லை மாற்றும் விசை என்றால் அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறு கிடைக்காது. ஆனாலும் ஜப்பானியப் போர்வில் கொம்புவில்லாகவில்லை. நீண்ட உருவத்தையும் மூங்கிலையும் விடாமல் தன் வழியிலேயே போயிற்று. அதற்குப் பின் வந்த முரோமாச்சி காலத்தில் பக்கவாட்டிலும் மூங்கில் சேர்த்து நாற்புறமும் மூடிய ஷிஹோச்சிக்கு வில் தோன்றியது. 1543இல் தானெகாஷிமா தீவில் போர்ச்சுகீசியரின் துப்பாக்கி வந்திறங்கிய சில பத்தாண்டுகளில் போர்க்களத்தின் முதலிடம் வில்லின் கையை விட்டுப் போய்விட்டது. நடுவில் கருகிய சிம்புகளை நிறுத்திய ஹிகோ-வில் நிலைபெற்றது அதற்கும் பிறகு, எடோ காலத்தின் முற்பகுதியில், 17ஆம் நூற்றாண்டு வாக்கில். உள்நாட்டுப் போர் ஓய்ந்து, வில்லை நம்பிப் படை நடத்த வேண்டிய தேவை இல்லாத காலம் அது.

அந்தக் காலத்து வில் எதற்காக வளைந்தது என்பதற்குக் கியோத்தோவில் ஒரு கட்டடமே சாட்சி. சான்ஜூசான்கென்தோ கோயில் 1164இல் கட்டப்பட்டு, தீக்கிரையாகி, 1266இல் மீண்டும் எழுந்தது. கன்னோன் என்னும் பௌத்தத் தெய்வத்தின் ஆயிரத்தொரு சிலைகள் வரிசையாக நிற்கும் மண்டபம் ஆகையால் அதன் நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். மேற்குப் பக்கத்துத் தாழ்வாரத்தின் தென்கோடியில் உட்கார்ந்துகொண்டு, கூரையிலும் தூணிலும் தரையிலும் படாமல் வடகோடிவரை அம்பை அனுப்புவதே தோஷியா எனப்பட்ட போட்டி. 1606இல் அசவோகா ஹெய்பெய் 100 அம்புகள் எய்து 51ஐ அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. அதன்பின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மாலையில் தொடங்கி மறுநாள் மாலைவரை எத்தனை அம்பை வேண்டுமானாலும் எய்யலாம் என்பது போட்டியின் தலையாய வடிவம். 1669இல் ஓவாரி ஆட்சிப்பகுதியின் ஹோஷினோ கான்சாயெமோன் 10,542 அம்புகளில் 8,000ஐ அனுப்பினார். 1686இல் கீயி ஆட்சிப்பகுதியின் வாசா தாய்ஹாச்சிரோ 13,053 அம்புகளில் 8,133. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஓவாரியும் கீயியும் நாட்டை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் இரு கிளைகள். அவற்றின் கௌரவப் போட்டிக்குப் பணம் வாரி இறைக்கப்பட்டது. வாசாவின் கணக்கைப் பிரித்தால் நாள் முழுக்க நிமிடத்துக்கு 9 அம்பு.

இது ஒரு வில்லிடம் என்ன கேட்கிறது? முதலாவது, வேகம். தாழ்வாரக் கூரையின் உயரம் சுமார் 5 மீட்டர்தான். உட்கார்ந்த நிலையில் புறப்படும் அம்பு ஏறக்குறைய 4 மீட்டருக்கு மேல் எழும்பாமல் 120 மீட்டரைக் கடக்க வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே அது வினாடிக்கு 60 மீட்டருக்கு மேல் புறப்பட்டாக வேண்டும். வில்லின் கைகள் கனமாக இருந்தால் நாண் விடுபட்டதும் அவை தம்மையே தூக்கிச் செல்வதில் ஆற்றலைக் கரைத்துவிடும், அம்புக்குப் போய்ச் சேருவது குறையும். இரண்டாவது, களைப்பு. ஈரப்பசையுள்ள மரத்தை மணிக்கணக்கில் வளைத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்பாமல் வளைந்தபடியே தங்கிவிடும். வில் தொய்ந்தால் அம்பு தாழ்ந்து தரையில் அடிக்கும். மூன்றாவது, நடுப்பகுதியின் நழுவல். வளையும் சட்டத்தின் இரு முகங்களிலும் இழுப்பும் அமுக்கமும் உச்சத்தில் இருக்க, நடுவில் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் சறுக்கப் பார்க்கும் விசை உச்சத்தில் இருக்கும். ஆகவே நடுப்பொருள் இலேசாகவும், ஈரமற்றும், சறுக்கலுக்கு இடம் கொடுக்காமலும் இருந்தாக வேண்டும்.

கருகிய சிம்பு இந்த மூன்றுக்கும் ஒரே விடை. வில்லுக்கு ஆகும் மதாகே மூங்கிலைக் குளிர்காலத்தில், நீரோட்டம் அடங்கிய பிறகு வெட்டுகிறார்கள். வெளிமுகப் பத்தைகளுக்கானதை மெல்லிய சூட்டில் காட்டி, கசிந்து வரும் எண்ணெயைத் துணியால் துடைத்து, வெயிலில் வைத்து வெளுக்கவிடுவார்கள். சிம்புகளுக்கு அந்த மென்மை கிடையாது. பிளந்து சீவியவற்றை நேரே தணலின் மேல் பிடித்துத் திருப்பித்திருப்பி வாட்டுவார்கள். ஈரம் வெளியேறும், இலேசாகி, விறைப்பேறி, மீள்விசை கூடும். போதாவிட்டால் தொய்யும், மிஞ்சினால் நொறுங்கும். எங்கே நிறுத்துவது என்பதை நிறம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழுப்பு அலங்காரத்துக்காகப் பூசிய சாயம் இல்லை, சூட்டின் அளவு. தீ போதுமான ஆழம் போயிற்றா என்று தொழிலாளி அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார். பிறகு சிம்புகளை முகப்பத்தைகளுக்குச் செங்குத்தாக நிறுத்தி, ஹாஸே சட்டங்களை இருபுறமும் வைத்து, பசை தடவி, கயிற்றால் வரிந்து சுற்றி, கயிற்றுக்கு அடியில் ஏறக்குறைய நூறு மூங்கில் ஆப்புகளை ஒவ்வொன்றாய் அடித்து இறக்குவார்கள். வில்லின் வளைவு உருவாவது இந்த அடியில்தான். இந்தப் பக்கம் ஓர் ஆப்பு, அந்தப் பக்கம் ஓர் ஆப்பு என்று அடித்துக்கொண்டே, பசை இறுகுவதற்குள் எதிர்த்திசையில் வில்லை வளைத்து முடித்துவிட வேண்டும். நாணேற்றும்போது அந்த எதிர்வளைவை வென்றாக வேண்டும் என்பதால் அம்பு தொடுக்கும் முன்பே வில்லுக்குள் விசை ஏறியிருக்கும்.

காலம் ஒத்துப்போவதாலேயே ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹிகோ-வில்லும் தோஷியாவும் ஒரே நூற்றாண்டில் செழித்தன என்பது மட்டுமே என் சான்றாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நான் பணிந்திருப்பேன். ஆனால் வில்லோடு கையுறையும் மாறியது. போர்க்காலத்து வில்லாளியின் தோல் கையுறை மென்மையானது. வாளையும் பிடிக்க வேண்டுமே. கட்டைவிரலுக்குள் கடினமான கூடு வைத்து, நான்கு விரல்களை மூடும் கையுறை தோஷியா எய்பவர்களிடம் உருவாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு வாளெடுக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான முறை நாணிழுத்தாலும் கட்டைவிரல் நசுங்காது. கையைக் காப்பாற்ற ஒரு கருவியைப் புதிதாய்ச் செய்தவர்கள் அதே களைப்புக்கு வில்லில் விடை தேடாமல் இருந்திருப்பார்கள் என்று நினைப்பதுதான் கடினம். போட்டியின்போது ஒன்றுக்கு மேற்பட்ட வில்கள் கைமாறியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒவ்வொன்றும் போர்வில் காணாத எண்ணிக்கையில் வளைந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் நெடுவில் கதையும் இதே திசையில்தான் கைகாட்டுகிறது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரத்தின் ஒற்றைத் துண்டுகள். ஒட்டு எதுவும் இல்லை. யூ மரம் இயற்கையே செய்துவைத்த இரண்டடுக்கு. இழுப்பைத் தாங்கும் வெளிறிய வெண்பகுதி வெளிமுகமாகவும், அமுக்கத்தைத் தாங்கும் செம்பழுப்பு வைரம் உள்முகமாகவும் ஒரே துண்டில் அமைந்துவிடுகிறது. 1595இல் பயிற்சிப் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கியை வைக்க அரசு ஆணையிட்டது. 1781இல் லண்டனில் டாக்சோஃபிலைட் சங்கம் தொடங்கி, வில் கனவான்களின் விளையாட்டாக மறுபிறப்பெடுத்தபோதுதான் ஒட்டுவில் அங்கே பெருகியது. மான்செஸ்டரின் கெல்சல் குடும்பத்தார் அதற்கு முன்னோடிகள் என்பது 19ஆம் நூற்றாண்டு வில்லாளர்களிடையே வழங்கிய செய்தி. வெள்ளை ஹிக்கரியை வெளிமுகத்தில் வைத்து, லேன்ஸ்வுட் போன்ற வெப்பமண்டல மரங்களை உள்முகத்தில் ஒட்டினார்கள். நல்ல யூ மரம் அருகிப்போனதுதான் அங்கே முதல் காரணம் என்பது உண்மை. ஜப்பானில் அந்தப் பஞ்சம் இல்லை. காரணங்கள் வேறுவேறாக இருந்தும் ஒன்று பொதுவாக நிற்கிறது. வாரந்தோறும் மைதானத்தில் நூற்றுக்கணக்கான அம்புகளை எண்ணி எய்பவர்கள் வந்த பிறகே பசையும் கலப்பு மரமும் இங்கிலாந்தில் மதிப்புப் பெற்றன.

எல்லா நிறமும் வேலையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. புல் வேய்ந்த பழைய வீடுகளில் அடுப்புப் புகை பட்டுச் சிவந்துபோன சுசுதாகே மூங்கிலை எடுத்துச் செய்த வில்லை ஜப்பானியர் உயர்வாக மதிக்கிறார்கள். நூறாண்டுப் புகை மூங்கிலை ஈரமின்றி உலர்த்தியிருக்கும் என்ற நியாயம் அதற்கு உண்டு. கூடவே அந்தச் செம்பழுப்பின் அழகில் மயங்கிக் கொடுத்த விலையும் உண்டு. வில்லின் இரு நுனிகளிலும் நாண் உட்காரும் இடத்தில் பதிக்கும் சிறு கட்டைகளுக்குக் கருங்காலி, செம்மரவகை போன்ற தெற்காசிய, தென்கிழக்காசிய மரங்களைத் தேடிப் போடுவதிலும் கண்ணுக்கு விருந்து வைக்கும் ஆசையே பெரும்பங்கு. பிரம்புக் கட்டு பதவிச் சின்னமானதை முன்பே பார்த்தோம். ஆக, நிறம் வேலையிலிருந்து பிறந்து அழகாக வளர்ந்திருக்கிறது. அழகுக்காகப் பிறந்து பிறகு வேலை கற்றுக்கொண்டதற்கு வில்லில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. ஹாஸே மரமே இதற்குப் பொருத்தமான சாட்சி. இந்த மரக்குடும்பத்தின் வைரப்பகுதி மஞ்சள் சாயம் தரும். பேரரசர் மட்டும் உடுத்திய கோரோசென் ஆடையின் பொன்பழுப்பு நிறத்தை அந்த மஞ்சளோடு, கேரளத்தில் தாகத்துக்குக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பதிமுகக் கட்டையின் சிவப்பையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். வில்காரர்கள் அதே இன மரத்தை எடுத்தது அதன் மஞ்சளுக்காக இல்லை. நெகிழ்வும் நிதானமும் உள்ள, மூங்கிலோடு சேர்ந்து வளையும் மரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கியூஷு தீவின் தெற்கில் மெழுகுவர்த்திக்காக அந்த மரத்தை ஏராளமாக நட்டிருந்தார்கள். மதாகே மூங்கிலும் அங்கே செழித்து வளர்ந்தது. இரண்டும் பக்கத்திலேயே கிடைத்த மியாசாகி மாகாணத்தின் மியாகொனோஜோ ஊர் இத்தொழிலின் தலைநகரானதில் வியப்பில்லை.

அந்த ஊர் வில் 1994இல் ஜப்பான் அரசின் மரபுக் கைத்தொழில் பட்டியலில் சேர்ந்தது. நாட்டின் மூங்கில் வில்களில் சுமார் 90 விழுக்காடு அங்கிருந்து வருகிறது என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்கிரமிப்புப் படைகள் போர்க்கலைகளுக்குத் தடை விதித்தபோது வில்லும் அடங்கிக் கிடந்தது. 1949இல் கியூதோ என்னும் வில்வித்தைக்கான அகில ஜப்பான் கூட்டமைப்பு உருவானபின் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குத் திரும்பியது. இன்று மாணவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடியிழை வில்கள். மூங்கில் வில் செய்பவர்களிலும் பலர் செயற்கைப் பசைக்கு மாறிவிட்டார்கள், சிலர் உள்ளே கார்பன் இழைப் பட்டை வைக்கிறார்கள். கார்பனைக் கண்டு முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். இலேசான, ஈரமேறாத, தொய்யாத ஒன்றை நடுவில் வைப்பதுதான் 17ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. ஆனால் பசை மாறியதை அப்படி எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மான்தோல் பசையால் ஒட்டிய வில்லில் அடுக்கு விலகினால் சூடும் ஈரமும் காட்டி இளக்கி, பழுதான பத்தையை மாற்றி, மறுபடி ஒட்டலாம். செயற்கைப் பசையில் விலகினால் பெரும்பாலும் அந்த வில்லின் ஆயுள் முடிந்தது. நீடித்து உழைப்பதற்காகவே அடுக்கடுக்காய்ச் சேர்த்த வில்லிலிருந்து பழுதுபார்க்கும் வாய்ப்பைப் பறித்தது முன்னேற்றம் ஆகாது.

ஜப்பானிய வில் ஒன்றைக் காட்சிக்கூடத்தில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், அரக்கின் மினுக்கையும் பிரம்பின் வரிகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உள்ளமைப்பைக் காட்ட அறுத்துவைத்த மாதிரித் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். இருந்தால் முதலில் அதன் நடுவைப் பாருங்கள்.